முன்னால் புதுசு, பின்னால் பழசு

எங்கள் திருச்செங்கோட்டில் சக்கரம் வைத்த எதைப் பற்றியும் யோசனை சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. தெருவுக்கு நாலு லாரி, முக்குக்கு ஒரு பட்டறை. டீக்கடையில் நின்றுகொண்டு டயர் தேய்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லிவிடுவார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு பழைய காருக்கு டயர் தேடி நான் மூன்று மாதம் அலைந்தேன். அந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைக்காதது டயர் மட்டும்தான்.

கணக்கும் பௌதிகமும் நடத்துகிற வாத்தியாரான எனக்கு அந்தக் கார் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். மேட்டூரில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் ஊர் திரும்பும்போது தன் காரை விற்கப் பார்த்தார். வாங்க ஆள் வரவில்லை. இரண்டே இருக்கை, தரையை ஒட்டிய உடம்பு, மடக்கி வைக்கிற கித்தான் கூரை, சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிகள் வைத்த சக்கரங்கள். வேகமாக ஓடுவதற்கென்றே செய்த வண்டி. அதில் மூட்டை ஏறாது, விருந்துக்கு வந்த உறம்பரையை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடியாது. ஸ்கூட்டருக்கு வைத்திருந்ததோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்ததில் அது என்னுடையதாகிவிட்டது.

என் மனைவியின் அண்ணன் லாரி வைத்திருப்பவர். வீட்டு வாசலில் அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, மீதி வண்டி எப்ப வருது?" என்றார்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் ஒரே பிள்ளை. நானும் மனைவியும் இரண்டு இருக்கையில் உட்கார்ந்தால், நடுவில் மேடாக இருக்கும் இடத்தில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு அவளை உட்கார வைப்போம். பிரேக் போடும்போதெல்லாம் என் இடது கை தானாக நீண்டு அவள் மார்புக்குக் குறுக்கே தடியைப் போல நிற்கும். ஆடு குறுக்கே வந்தாலும் நிற்கும், பள்ளம் வந்தாலும் நிற்கும். "கைய எடுங்கப்பா, எனக்கு ரோடு தெரியல" என்பாள். வண்டி ஓட்டுவதில் எனக்கு எப்போதும் பயம்தான். அவளுக்கு இல்லை. பத்து வயதில் கம்பிகளைத் துணியால் துடைத்தாள். பதினைந்து வயதில் பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினாள். பதினெட்டு முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் நான் ஓட்டக் கற்றுக் கொடுக்கப் போனேன். நான் கற்றுக் கொடுக்க அதிகம் மிச்சமிருக்கவில்லை.

படிப்பு முடிந்து குமாரபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலின் தரம் பார்க்கிற வேலை கிடைத்தது அவளுக்கு. காலையில் சங்ககிரியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அவள் போவதை ஒரு நாள் பார்த்தேன். மறுநாள் கார் சாவியைக் கொடுத்துவிட்டேன். எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் போதும். இப்படியாகப் பந்தயத்துக்குப் பிறந்த வண்டி, தினமும் டிபன் பாக்ஸும் நூல் கண்டுமாக மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு ஓய்வு.

தை மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு முறை பஞ்சர் ஆனது. இரண்டாவது முறை நான் குனிந்து பார்த்தேன். டயரில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருந்த நூல் வெளியே தெரிந்தது. அவளோ நாள் முழுக்க நூலைப் பரிசோதிக்கிறவள். "இந்த நூல் தேறாதுங்கப்பா" என்று சிரித்தாள்.

மனைவி சிரிக்கவில்லை. "ஏனுங்க, அத வித்துப்போட்டு புள்ளைய பஸ்ல போகச் சொல்லுங்க. ரோட்டோரம் ஒத்தையில குக்கி உக்காந்துட்டுச் சக்கரம் மாத்திட்டிருந்தாளாமா. மூணு பேரு எங்கிட்டயே வந்து சொல்லிப்போட்டாங்க."

"டயர் மாத்திட்டாச் செரியாப் போகும். அத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வாக்கியத்தைத்தான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

அந்தக் காரின் டயர் அளவு இங்கே யாரிடமும் இல்லாத அளவு. டாக்ஸிக்குப் போடும் டயர் சக்கரத்தைவிடப் பெரிது. சின்னக் குடும்பக் காருக்குப் போடுவது சக்கரத்தில் ஏறும், ஆனால் மெலிந்தது, கால் பெரியவன் சின்னச் செருப்புப் போட்டதுபோல இருக்கும். சேலத்தில் நான்கு கடை ஏறினேன். நாமக்கல்லில் ஒரு கடைக்காரர் அளவுத் துண்டுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இது டயர் அளவுதானா, ஜாதக நட்சத்திரமா என்று கேட்டார்.

எங்கள் ஊரில் டயர்க் கடை வைத்திருந்தவர் நல்ல மனிதர், என்னிடம் படித்த பையனின் அப்பா. அவர் வேனுக்குப் போடும் கெட்டி டயரைப் பரிந்துரைத்தார்.

"வாத்தியாருங்க, இதுல ஆறு அடுக்கு நூல் வெச்சிருக்கறாங்க. இதப் போட்டுட்டீங்கன்னா ஆணி ஏறாது, கல்லு ஏறாது, எமனே ஏறுனாலும் வெடிக்காது."

எமன் பெயரைக் கேட்டதும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. சரிப்படாவிட்டால் கழற்றித் தருவதாகப் பேசி இரண்டை மாட்டிப் பார்த்தோம். மகள் வேலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசிக் கரகரவென்று சத்தம் வந்தது.

"அப்பா, இதுல போனா நாங் குமாரபாளையம் போறப்ப பல்லெல்லாம் கையில இருக்குமுங்க" என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டோம்.

பிறகுதான் ரேடியல் என்ற சொல் காதில் விழுந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் அது புதிது. சாதாரண டயருக்குள் நூல் அடுக்குகள் கட்டில் கயிற்றைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ரேடியலில் நூல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும். அதனால் பக்கவாட்டில் இளக்கமாக இருந்து, ரோட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். இதை எனக்குச் சொன்னதும் மகள்தான். காருடன் வந்த ஒரு சின்னப் புத்தகம் அவளிடம் இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த, அட்டை கிழிந்த புத்தகம். அதை அவள் பாடப்புத்தகத்தைவிட அதிகமாகப் படித்திருந்தாள்.

மச்சானுடைய லாரிகளில் ஒன்று மாதம் இரண்டு தடவை பம்பாய் போய் வரும். அளவை எழுதிக் கொடுத்தேன். பங்குனி கடைசியில் லாரி திரும்பியபோது வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் சாக்கில் சுற்றிய டயர் வந்தது. இரண்டுதான். யாரோ ஒருவர் தருவித்து வாங்காமல் விட்ட ஜோடியாம், வேறு கிடையாதாம். வீட்டுக்குள் உருட்டி வந்து வைத்தோம். ஒரு வாரம் வீடெல்லாம் வெங்காயமும் புது ரப்பருமாக மணத்தது.

மிச்சம் இரண்டு சக்கரத்துக்கு என்ன செய்வது? பழைய டயர்களில் இரண்டுக்கு உடம்பு கெட்டியாக இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு வழி உண்டு. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பரை ஒட்டி வேக வைத்து எடுப்பார்கள். ரீட்ரேடிங். லாரிக்காரர்களுக்கு அது அன்றாடம். கார் டயரை அந்தப் பட்டறைக்காரர் வாத்துக் குஞ்சைப் போலக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் பளபளவென்று செய்து கொடுத்தார்.

ஆக, இரண்டு புது ரேடியல், இரண்டு ரப்பர் ஒட்டிய பழைய டயர். எது எங்கே?

லாரி ஊரில் இது கேள்வியே இல்லை. புது டயர் முன்னால், ஒட்டிய டயர் பின்னால். லாரிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டிரண்டு டயர் இருக்கிறது. ஒன்று வெடித்தால் மற்றது தாங்கும். முன்னால் ஒற்றை டயர். அது வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. இதைச் சிறு பிள்ளைகூட எங்கள் ஊரில் சொல்லும். மச்சானுக்கோ அது வெறும் பேச்சு அல்ல. பல வருடங்களுக்கு முன் தும்கூர் பக்கத்தில் அவர் லாரிக்கு முன் டயர் வெடித்தது. அன்றிலிருந்து அவருடைய இடது முழங்கை நேராக நீளாது. அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிழைக்கவில்லை. அதற்கு மேல் அவர் அதைப் பற்றிச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

டயர் மாட்டிய அன்று மச்சானே வந்திருந்தார். நான்கு எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கி வந்திருந்தார். மகள் புத்தகத்தை விரல் வைத்து மூடியபடி கொண்டுவந்தாள்.

"மாமா, இதுல வேற மாதிரிப் போட்டிருக்குதுங்க."

இரண்டு ரேடியல் மட்டும் போடுவதானால் அவற்றைப் பின் சக்கரத்தில்தான் போட வேண்டும், முன்னால் மட்டும் எக்காரணத்துக்காகவும் போடக்கூடாது என்று அந்தப் புத்தகம் சொன்னது. அவள் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

மச்சான் புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை. "இத எழுதுனவன் பெங்களூர் ரோட்டுல லோடு அடிச்சிருக்கறானா அம்மிணி?"

"இல்லீங் மாமா, இது லாரியில்லீங்களே..."

"லாரியோ காரோ, திருப்பற சக்கரம் முன்னாடிதான இருக்குது? இல்ல, உங்க வண்டிக்கு அதும் பின்னாடி இருக்குதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "அப்பா சொல்லட்டுமுங்க."

நான் வாங்கிப் படித்தேன். ஆங்கிலம் எனக்குப் புரியாமல் இல்லை. வாக்கியம் தெளிவாகவே இருந்தது. காரணமும் ஒரு வரி இருந்தது: பின் சக்கரத்தின் பிடி முன் சக்கரத்தைவிடக் குறைந்தால் வளைவில் வண்டியின் பின்பகுதி வெளியே ஓடிவிடும். பதினொன்றாம் வகுப்புக்கு வட்ட இயக்கத்தை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைகிறவன் நான். கயிற்றில் கட்டிய கல், கயிற்றை விட்டால் எந்தத் திசையில் போகும் என்று பிள்ளைகளைக் கேட்டு, தப்பாகச் சொன்னவர்களை பெஞ்சு மேல் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அன்று என் கண்ணுக்கு முன்னால் இருந்தது மச்சானின் முழங்கைதான். முன் டயர் வெடித்து என் பெண் புளியமரத்தில் மோதுவதாக ஒரு படம் மனதில் ஓடியது. பின்பகுதி ஓடுவதற்கு எந்தப் படமும் வரவில்லை. பயப்படுகிறவனுக்குத் தெரிந்த பயம்தான் பெரிதாகத் தெரியும்.

"அது குளிர் நாட்டுக்கு எழுதினது. புதுச முன்னாடியே போட்டுரலாம்" என்றேன்.

அவள் புத்தகத்தைக் காருக்குள் வைத்தாள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, சூடம் காட்டி, வண்டியை நகர்த்தினாள். நான்கும் நசுங்கின. மச்சானுக்குத் திருப்தி.

பத்துப் பதினைந்து நாள் நன்றாகவே ஓடியது. முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்கிற பிடியை அவளே பாராட்டினாள். ஒரு நாள் மட்டும் சாப்பிடும்போது சொன்னாள்.

"அப்பா, வளைவுல பின்னாடி லேசா நடக்குதுங்க."

"நடக்குதுன்னா?"

"தனியா நடக்குது. மாடு கொம்பப் பிடிச்சு இந்தப் பக்கம் திருப்புனா, வாலு அந்தப் பக்கம் போற மாதிரி."

"புது ரப்பர் படியற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். இது எங்கே கேட்டதோ தெரியாது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை, அவளுக்கு அரை நாள். நானும் வந்து பார்க்கிறேன் என்று கூடவே கிளம்பினேன். மில் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, பவானிப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தேன், ஒரு டீ குடித்தேன். மதியம் அவள் வந்ததும் திரும்பினோம். அவள் ஓட்ட, நான் இடது பக்கம்.

சித்திரையில் அதுவரை ஒரு சொட்டு மழை விழவில்லை. சங்ககிரிக்கு முன்னால் மேற்கே கறுத்தது. கூரையை இழுத்து மூடுவதற்குள் பெரிய சொட்டுகள் விழுந்தன. ரோட்டில் புழுதியும், லாரிகள் மாதக்கணக்காகச் சிந்தியிருந்த டீசலும் மழைத் தண்ணீரில் குழைந்து வானவில் நிறத்தில் ஓடின. அவள் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டினாள். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் என் கண் வேகமானியைவிட்டு விலகவேயில்லை.

இடது பக்கமாக ஒரு வளைவு. இரண்டு பக்கமும் புளியமரங்கள், அடிமரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்தவை. வளைவின் நடுவில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்து அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அவ்வளவுதான் செய்தாள். முன்சக்கரம் அவள் சொன்ன பக்கம் திரும்பியது. பின்பகுதி வரவில்லை. அது தன் போக்கில் நேராகப் போனது.

சத்தமே இல்லை. அதுதான் இன்னும் என்னை விடாமல் இருக்கிறது. டயர் கிறீச்சிடும் என்று நினைத்திருந்தேன். மழைச் சத்தத்துக்குள் புளியமரங்கள் ஒவ்வொன்றாக, நிதானமாக, முன் கண்ணாடியில் இடமிருந்து வலமாக நகர்ந்து போயின. மரம், மரம், வயல், மரம், ரோடு. வண்டி நின்றபோது ரோட்டின் நடுவில், வந்த பக்கத்தைப் பார்த்து நின்றிருந்தோம். எதிரே எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்த லாரி. அதன் முகம் எங்கள் முகத்துக்கு நேராக, தலையை ஆட்டி ஆட்டி வந்து, ஒரு மாட்டுவண்டி நிற்கிற இடம் விட்டு நின்றது.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. ஆனாலும் கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, குமாரபாளையத்துல எதாச்சும் மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

அவள் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள், என்னிடம்.

"கைய எடுங்கப்பா. கியர் போடணும்."

என் வலது கை அவள் மார்புக்குக் குறுக்கே நீண்டு மறுபக்கக் கதவைப் பிடித்திருந்தது. எப்போது நீட்டினேன் என்று தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கிப் போய், பின்னாலிருந்து ஜாக்கியையும் செம்புச் சுத்தியலையும் எடுத்து வந்தாள். அந்தக் காரின் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதன் விளிம்பில் நீட்டியிருக்கும் காதில் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். "என்ன பண்றே சாமி?" என்று கேட்டேன்.

"மாத்திப் போடறனுங்க."

வீட்டுக்குப் போய் மாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நான்கு சக்கரமும் அப்படியே இருக்கும்போது இன்னொரு வளைவைத் தாண்ட என்னால் முடியாது. அவளாலும் முடியாது என்று அப்போதுதான் பார்த்தேன். நட்டின் மேல் விழ வேண்டிய முதல் அடி விலகித் தரையில் விழுந்தது. நான் சுத்தியலை வாங்கிக்கொண்டேன். என் அடி அதைவிட மோசம். கடைசியில் லாரி டிரைவர் வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் இல்லீங்கண்ணா, இந்தப் பக்கம் அடிக்கோணும். அம்புக்குறி போட்டிருக்குது பாருங்க" என்றாள் மகள்.

"சக்கரத்துலயே எழுதி வெச்சிருக்கறானா? பரவால்லியே" என்று அடித்தார். நட்டு கழன்றது. டயரைத் தடவிப் பார்த்தவர் கையை நிறுத்தினார். "இது புதுசாட்ட இருக்குது. செரியாத்தான முன்னாடி போட்டிருக்குது? இத எதுக்குங் பின்னாடி கொண்டுபோறீங்க?"

மகள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும்.

"லாரிக்கு அது செரிங்க," என்றேன். "இதுக்குச் செரியில்ல. இதுக்குப் பின்னாடிதான் போடோணும். புஸ்தகத்துல போட்டிருந்தது. நாந்தான் கேக்கல."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "வாத்தியாருங்களா?"

"ஆமாங்க."

"அதான் பாத்தேன்" என்றார். அதில் என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

உபரிச் சக்கரத்தை இடையில் தற்காலிகமாக மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூவரும் நனைந்துபோனோம். போகும்போது டிரைவர், "அம்மிணி, இனி எங்க லாரிக்கு முன்னாடி போகாதீங்க, பின்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

லாரி போன பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு அந்த நாளிலேயே கடினமானது.

"அப்பா, இதே வளைவுல இன்னொருக்காப் போய்ப் பாக்கோணுமுங்க. பாக்காம ஊட்டுக்குப் போனா, நான் திங்கக்கிழமை இத எடுக்க மாட்டேன். எனக்கே தெரியுது." பிறகு ரோட்டைப் பார்த்துவிட்டு, "பஸ் வரும். நீங்க அதுல சங்ககிரி வந்துருங்க. நான் பின்னாலயே வாரேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. சொன்னால் கேட்டிருப்பாள், இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டவள்தானே. சாவியைக் கொடு, வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்ற வாக்கியம் நாக்கு வரை வந்து நின்றது. அவளைத் தடுப்பதற்கு எனக்கு இருந்த உரிமையை நான் அந்த எலுமிச்சம்பழங்களோடு சேர்த்து நசுக்கிவிட்டேன் என்று தோன்றியது. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன்.

"பஸ்ல போகலீங்களா?"

"நனஞ்சு போயிட்டேன். பஸ்ல ஏத்த மாட்டான்" என்றேன்.

கொஞ்ச தூரம் பின்னால் போய்த் திரும்பினோம். முதல் தடவை நடக்கிற வேகத்தில் போனாள். இரண்டாவது தடவை கொஞ்சம் கூட்டினாள். மூன்றாவது தடவை, முதலில் சுற்றிய அதே வேகம். அதே இடத்தில், அதே தண்ணீருக்கு முன்னால், காலை எடுத்தாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். வண்டி திரும்ப வேண்டியதில் முக்கால் பங்கு திரும்பியது; மூக்கு கொஞ்சம் வெளியே போகப் பார்த்தது, அவள் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் வளைத்தாள், வந்துவிட்டது. பின்பகுதி ஒரு நல்ல பிள்ளையைப் போலப் பின்னாலேயே வந்தது. புளியமரங்கள் நகர வேண்டிய பக்கம் நகர்ந்தன.

அவள் நீளமாக மூச்சு விட்டாள். நானும்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சேற்றைப் பார்த்தாள், எங்கள் துணியைப் பார்த்தாள். மகள் என்னை முந்திக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டாள். நான் நினைத்தால் பஞ்சர் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லாரி எவ்வளவு பக்கத்தில் நின்றது என்பது வரை. மனைவி ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ள முன்னாடியே சொன்னாளா?"

"சொன்னா."

"அப்பறம் எதுக்குங்க நீங்க பாத்துக்கறேன்னீங்க?"

நான் எழுந்து ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

மறுநாள் மச்சான் வந்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்ததும் புது டயர் இடம் மாறியிருப்பது அவர் கண்ணில் பட்டது. நடந்ததை மனைவிதான் சொன்னாள். அவர் குனிந்து, நீளாத கையால் பின் டயரைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, "லாரிக்கு நாஞ் சொன்னது செரிதானுங் மாப்ள" என்றார்.

"லாரிக்குச் செரிதானுங் மச்சான்."

அடுத்த பம்பாய் நடையில் எப்படியாவது இன்னும் இரண்டு ரேடியல் கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் காப்பியைக் குடித்தார். அவை வர ஆவணி ஆகிவிட்டது. நான்கும் ஒன்றானது. அதன் பிறகு எது எங்கே என்ற கேள்வியே எழவில்லை. இருந்தாலும் வானம் கறுத்தால் இன்றைக்கும் என் வலது கை பக்கத்தில் எதையோ தேடுகிறது. வகுப்பில் வட்ட இயக்கம் நடத்தும்போது, தப்பாகச் சொல்கிற பிள்ளைகளை பெஞ்சு மேல் நிறுத்துவதை விட்டுவிட்டேன்.

சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி. விடிந்தும் தூறல் நிற்கவில்லை. சங்ககிரி பஸ் எத்தனை மணிக்கு என்று நான் ஞாயிறு மாலையே விசாரித்து வைத்திருந்தேன். மகள் குளித்து, சாப்பிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய சாவியின் முன்னால் கொஞ்சம் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

பஸ் நேரத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு சாவியை நானே எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அவள் வண்டியைத் தெருவுக்கு எடுத்தாள். நான் குடை இல்லாமல் பின்னாலேயே போய், பின் டயர் இரண்டையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்திப் பார்ப்பதால் எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"பாத்துப் போ சாமி."

"நான் முன்னாடி பாத்துக்கறனுங்கப்பா" என்றாள். "பின்னாடி இப்ப நல்லாத்தான் இருக்குது."